கல்லணையிலிருந்து பூம்புகார் வரை அப்பாவோடு நடக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் குத்தாலம், வேலை பெங்களூரில். இமயமலையிலும் குடகிலும் மலையேறிய பழக்கம் இருக்கிறது. 60 லிட்டர் முதுகுப்பை, கணுக்காலுக்கு மேல் வரும் வாட்டர்புரூஃப் பூட்ஸ், இரண்டு பேர் படுக்கும் கூடாரம் எல்லாம் கைவசம் உண்டு. தை மாதக் கடைசியில் கல்லணையில் கிளம்பி, காவிரிக் கரையை விடாமல், ஐந்து நாளில் பூம்புகார் சேர நினைக்கிறீர்கள். கூட வருவது அப்பா. வயது 61, பத்து வருடமாகச் சுகர். இருக்கிற சாமான் போதுமா, அப்பாவுக்கு எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஷூ பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. கேள்விக்கு உள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: மலையில் கற்றது சமவெளியில் எவ்வளவு உதவும், பத்து வருடச் சுகர் உள்ள பாதம் இந்தத் தூரத்தைத் தாங்குமா. இவற்றுக்கு விடை தெரிந்தால் எதை வாங்குவது, எதை வீட்டில் விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் திறக்கும் காலத்தில் லஸ்கரோடு (வாய்க்காலையும் மதகையும் கவனிக்கும் பணியாளர்) கரையை நடந்து பார்ப்பது எங்கள் வேலையின் பெரும் பகுதி. இப்போது ஆவணி மாதங்களில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்காகத் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போடும் முதலுதவிப் பந்தலில் கால் பார்க்கும் வேலை செய்கிறேன். கரையும் கொப்புளமும் எனக்குப் பழக்கம். மருத்துவம் என் படிப்பு இல்லை. அதனால் அப்பாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எது டாக்டரின் முடிவு என்பதைத் தனியாகக் குறித்துவிடுகிறேன்.

முதலில் வழி. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது காவிரி. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை, கடைசியில் பூம்புகார். மாநில நெடுஞ்சாலை 22 இதே வரிசையில்தான் போகிறது. ஆகவே கரை எங்கே மோசமானாலும் சாலைக்கு ஏறிக்கொள்ளலாம், வழி தவறும் பயம் கிடையாது. சிரமம் வேறு இடத்தில் வரும். ஆற்றங்கரை என்பது கல்லணையில் தொடங்கிப் பூம்புகாரில் முடியும் ஒரே பாதை இல்லை. தென்கரையில் போனால் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு ஒவ்வொன்றின் தலைப்பையும், அதாவது காவிரியிலிருந்து அது பிரியும் இடத்தையும், கடக்க வேண்டும். வடகரையில் மண்ணியாறு பிரிகிறது. தலைப்பில் தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டர்கள் உள்ள ரெகுலேட்டர் மேலேயோ பக்கத்துப் பாலத்திலோ கடந்துவிடலாம். இடையில் வரும் சின்ன வாய்க்கால் மதகுகளில் சில இடம் தாண்டலாம், சில இடம் ஊருக்குள் இறங்கிச் சுற்றித்தான் வர வேண்டும். வரைபடத்தில் 20 கிலோமீட்டர் என்று தெரிவது காலில் 23, 24 ஆவது இதனால்தான்.

எந்தக் கரை என்றால், தை மாசியில் நான் தென்கரையைத்தான் சொல்வேன். அந்தக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, மர நிழல் வடக்கே விழும். தென்கரையில் நடப்பவருக்கு வெளிச்சரிவில் நிற்கும் தென்னையும் மூங்கிலும் பாதைமேல் நிழல் போடும். வடகரையில் அதே மரங்களின் நிழல் வயலில் போய் விழும். இன்னொரு காரணம், ரயில் பாதை காவிரிக்குத் தெற்கே ஓடுகிறது; அது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சோழநாட்டுப் பாடல் பெற்ற தலங்களைக்கூட வடகரை 63, தென்கரை 127 என்றுதான் எண்ணுவார்கள். கோயில் பார்த்துக்கொண்டே போக விரும்பும் அப்பாக்களுக்கும் தென்கரைதான் வசதி.

இனி மலையும் சமவெளியும். மலையேறுகிறவர்கள் நேரம் கணக்கிட நெய்ஸ்மித் விதியைச் சொல்வார்கள்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. டெல்டாவில் கூட்டுவதற்கு ஏற்றமே இல்லை என்பதால் ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர் சுலபம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் மலையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். ஏறும்போது தொடை வேலை செய்யும், இறங்கும்போது முட்டி வாங்கும், கல்லில் கால் வைக்கும்போது பாதம் ஒருக்களிக்கும். சமவெளியில் காலையில் விழுந்த அடியேதான் மாலை வரை. ஒரே தசை, பாதத்தில் ஒரே இடம், ஒரே கோணம், ஒரு நாளில் முப்பதாயிரம் தடவைக்கு மேல். பந்தலுக்கு வருகிறவர்களில் மூச்சு வாங்கி உட்காருகிறவர்கள் குறைவு. முன்பாதத்தில் கொப்புளம், கெண்டைக்கால் முன்னெலும்பில் வலி, தொடை இடுக்கில் உராய்வுப் புண் என்று வருகிறவர்கள்தான் அதிகம். அதுவும் முதல் நாள் மாலையில் சிரித்துக்கொண்டே கடந்து போனவர்கள், இரண்டாம் நாள் மதியம் வந்து உட்காருவார்கள். நீங்கள் மலையில் சேர்த்த நெஞ்சுத் திடம் உதவும். பாதத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதனால் ஐந்து நாள் கணக்கை விடுங்கள். ஏழு நாளாக வையுங்கள்.

ஷூ விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அந்த பூட்ஸை பெங்களூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பனியில் அது காலைக் காப்பாற்றும். இங்கே உள்ளே ஊறும் வியர்வை வெளியே போக வழியில்லாமல் மதியத்துக்குள் தோல் வெளுத்து ஊறிவிடும். ஒரு முறை வாய்க்காலில் கால் வைத்துத் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விட்டால், வெளியே வரவிடாமல் அதே வாட்டர்புரூஃப் சவ்வு தடுக்கும். எடையையும் பாருங்கள். காலில் கட்டும் எடை முதுகில் சுமக்கும் எடையைவிட ஏறக்குறைய ஐந்தாறு மடங்கு சக்தியை வாங்கும் என்பது ராணுவ ஆய்வுகளில் வந்த கணக்கு. வலைத்துணி மேல்பாகம் உள்ள, லேசான டிரெயில் ரன்னிங் ஷூ போதும். அடியில் உள்ள பற்கள் ஆழமாக இருந்தால் நம் ஊர்க் களிமண் அதில் அப்பிக்கொண்டு பத்து அடிக்குள் அரை கிலோ சேர்ந்துவிடும். ஆழம் குறைந்த, இடைவெளி அகன்ற பற்களாகப் பாருங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மெத்தென்று உள்ளே போகிற நுரை அடி சாலைக்கு நல்லது. கரையில் கிடக்கும் சீமைக்கருவேல் முள் அதை ஊசி மாதிரி துளைத்து உள்ளே வந்துவிடும். அளவு மாலையில் போய்ப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், நடைப்பயணத்தில் இன்னும் வீங்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கூடவே பின்பட்டை உள்ள ரப்பர் சாண்டல் ஒன்று பையில் இருக்கட்டும். சேறு வந்தால் அது, மாலையில் தங்குமிடத்திலும் அது.

கொப்புளத்தைப் பற்றிப் பலர் நினைப்பது உராய்வு என்று. உராய்வு பாதிதான். தோலின் மேலடுக்கு காலுறையோடு ஒட்டி நின்றுகொள்ள, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகரும். அந்த இழுப்பில் அடுக்குகள் பிரிந்து நீர் கோக்கும். ஈரத் தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் பருத்திக் காலுறை ஆகாது என்கிறோம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயற்கை நூல் அல்லது மெல்லிய கம்பளிக் காலுறை மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலில், ஒன்று பைமேல் காய, ஒன்று இரவுக்கு மட்டும். ஒவ்வொரு மணி நேரமும் பத்து நிமிடம் ஷூவைக் கழற்றிக் காலைக் காயவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்கிற கூட்டத்தையும் செய்யாத கூட்டத்தையும் பந்தலில் பார்த்த உடனே என்னால் பிரித்துச் சொல்ல முடியும். நடக்கும்போது ஒரு இடம் சூடாகத் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். "அடுத்த ஊர் டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற இரண்டு கிலோமீட்டரில்தான் கொப்புளம் முழுசாகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டுங்கள். நீண்ட தூர ஓட்டக்காரர்களிடம் செய்த ஆய்வில் இந்த மலிவான டேப் கொப்புளத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது, எங்கள் பந்தல் அனுபவமும் அதுவே. முன்பே கொப்புளம் வந்து பழகிய இடம் இருந்தால் காலையில் கிளம்பும்போதே ஒட்டிவிடுங்கள். கொப்புளம் பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலைக் கிள்ளாமல் அப்படியே படியவிட்டு மூடுங்கள். இந்த ஊசி வைத்தியம் உங்களுக்கு மட்டும். அப்பாவுக்குக் கூடாது.

60 லிட்டர் பையும் வேண்டாம். பை பெரிதாக இருந்தால் எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். மலையில் நாலு நாள் சாப்பாடும் அடுப்பும் சுமக்க வேண்டும். இங்கே நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, ஒரு கை பம்பு, ஒரு பிள்ளையார் கோயில் மேடை இருக்கிறது. 30 லிட்டர் பை தாராளம், தண்ணீரோடு சேர்த்து 6 கிலோ தாண்ட வேண்டாம். ஆனால் இடுப்புப் பட்டை உள்ள பையாக இருக்கட்டும். பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்பட்டையை லேசாகச் சரிசெய்யுங்கள். முதுகோடு ஒட்டாமல் வலை வைத்து இடைவெளி விட்ட பைகள் வருகின்றன. எடை ஒரு விரற்கடை பின்னால் தள்ளிப்போனாலும், நம் புழுக்கத்துக்கு அதுதான் சுகம். சாமானை ஒரு கனத்த பாலிதீன் பைக்குள் போட்டு அதை முதுகுப்பைக்குள் வையுங்கள். தை மாதப் பனி விடிகாலையில் மழைபோல நனைக்கும்.

கூடாரம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜிப்பை மூடிவிட்டால் பாம்பும் கொசுவும் வராது, அந்த நன்மை உண்மை. ஆனாலும் காவிரிக் கரையில் கூடாரம் போடாதீர்கள். கரை என்பது இரவில் டூவீலரும் டிராக்டரும் போகும் பாதை. படுகை பெரும்பாலும் யாரோ ஒருவரின் வாழைத் தோப்பு. ஆற்று மணலில் போட்டால் மேலே எந்த ஷட்டரை எப்போது ஏற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மேட்டூரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது மரபு. பயிர் நிலையைப் பார்த்துச் சில ஆண்டுகளில் மூடும் தேதியைத் தள்ளிப்போடுவதும் உண்டு. தை கடைசியில் ஆறு வற்றித்தான் இருக்கும் என்று நம்பி மணலில் இறங்கி நடக்கிறவர்களை நான் கரைக்கு ஏற்றியிருக்கிறேன். தண்ணீர் இல்லாத நாளிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே எக்கல் (வண்டல்) மூடிக் கிடக்கும். பார்வைக்குத் தரை, கால் வைத்தால் இடுப்பு வரை போகும். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் லாட்ஜோ மண்டபமோ கிடைக்கும். திருவையாற்றில் இடம் கிடைக்காவிட்டால் 13 கிலோமீட்டரில் தஞ்சாவூர். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டுமே, இங்கே எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு வந்த மலையேற்ற விதிகள் வனப்பகுதிக்கு உரியவை. ஆற்றங்கரை வனம் இல்லை. ரெகுலேட்டர்மேல் ஏறும்போது மட்டும் அங்கே இருக்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். முன்னால் கரை எங்கே அறுந்திருக்கிறது என்பதை எந்த வரைபடத்தைவிடவும் அவர் சரியாகச் சொல்வார்.

தை கடைசி நல்ல தேர்வு. ஐப்பசி கார்த்திகையில் கரை முழுக்கச் சேறு, புயல் பயமும் சேர்ந்துகொள்ளும். சித்திரை வைகாசியில் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளிக் கொண்டுபோகும், ஆனால் ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும், கரையோரம் கூட்டம். தையில் ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். காவிரி கிழக்கே ஓடுவதால் காலை வெயில் முழுவதும் முகத்தில் அடிக்கும், மதியத்துக்குப் பிறகு பிடரியில் விழும். முன்விளிம்பு மட்டும் உள்ள கிரிக்கெட் தொப்பி பாதி நாளுக்குத்தான் ஆகும். சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பியும் ஒரு பருத்தித் துண்டும் போதும். காலை 5.30-க்குக் கிளம்பி 10.30-க்கு நிறுத்திவிடுங்கள், மீதி உள்ளதை 4 மணிக்கு மேல். சம்பா அறுவடை நேரம் என்பதால் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதை மிதிக்காமல் சுற்றிப் போகும்போது கொள்முதல் நிலைய லாரிகளைக் கவனியுங்கள். சாலையில் எப்போதும் வலது ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி. பையில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுங்கள். சாலை நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக நெடுந்தூரம் நடந்தால் ஒரு முட்டி மட்டும் வலிக்கும். அதற்காகவாவது நடுநடுவே கரைக்கு இறங்குங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருந்தால் போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மயிலாடுதுறை தாண்டினால் கடல் பக்கம் போகப் போக நிலத்தடி நீர் உவர்ப்பாகும். அங்கே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வியர்வையில் போவது உப்பும்தான். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் உப்புக் குறைந்து மயங்கினவர்களைப் பந்தலில் பார்க்கிறோம். எல்லோரும் இளநீரை மருந்தாக நினைக்கிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நடந்து வியர்த்தவருக்குத் தேவை சோடியம். உப்புப் போட்ட மோர் இளநீரைவிட நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு வையுங்கள். 1 லிட்டருக்கான பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் கெடுதல். கூட நடப்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ, அது களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கரையில் பாம்பு உண்டு, நாய் உண்டு. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் வயல் எலிக்காக வருகின்றன. இருட்டில் புல் மூடிய வரப்பில் நடக்காதீர்கள், விடிகாலையில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த வலிகூடத் தெரியாது. மண்டபத்தில் படுத்தாலும் கொசுவலை கட்டி ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. அந்தக் காலை அசைக்காமல் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்றிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நாய் கடித்தால், கீறினால்கூட, 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி அன்றே ஊசி. காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். வழியில் படித்துறையில் குளிக்கிறவர்களும், சில ஊர்களில் கரையோரச் சுடுகாடும் வரும். இரண்டு இடத்திலும் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி ஆளுக்கு ஆள் மாறுபவை. பாதத்தில் வாசலின் தடவலாமா, பவுடர் போடலாமா என்பதில் ஒரே விடை இல்லை. வாசலின் முதல் ஒரு மணி நேரம் வழுக்கலைக் கொடுக்கும், பிறகு தோலை ஊறவைக்கும் என்று சிலர், அதையே வைத்து வருடாவருடம் நடந்து முடிப்பவர்கள் சிலர். தொடை இடுக்குக்கு வாசலின் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பாதத்துக்கு நீங்களே பயிற்சி நடையில் சோதித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் தசையை இழுத்து நீட்டும் பயிற்சி காயத்தைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. முதல் 15 நிமிடம் மெதுவாக நடப்பதே போதும். ட்ரெக்கிங் கம்பு சமதரையில் முட்டிக்குப் பெரிய உதவி செய்யாது, ஆனால் வழுக்கும் வரப்பிலும் நாய் முன்னாலும் உதவும். திருவையாற்றுப் பக்கம் படுகையில் யாரிடமாவது கேட்டால் நல்ல மூங்கில் கம்பு ஒன்று வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். செருப்பில்லாமல் நடப்பது வேண்டுதலுக்கு உரியது. நம்பிக்கையோடு நடக்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். சித்திரையில் திருவையாறு ஏழூர்ப் பல்லக்கோடு ஏழு தலத்தையும் வெறுங்காலில் சுற்றுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அவர்கள் வயலில் பழகிய கால். பெங்களூர்க் கால் அந்த வேலையை ஏற்காது.

இப்போது அப்பா. பத்து வருடச் சுகரில் பாத நரம்பு மரத்திருக்க வாய்ப்பு உண்டு. அது இருக்கிறதா என்பதை அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. உணர்வு குறைந்தது அவருக்கே தெரியாது. டாக்டரிடம் 10 கிராம் நைலான் இழை வைத்துப் பாதத்தில் பத்து இடம் தொட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது, சில நிமிட வேலை. கால் ரத்த ஓட்டத்தையும் கூடவே பார்த்துவிடுவார்கள். இந்த இரண்டையும் முடிக்காமல் ஷூ கடைக்குப் போகாதீர்கள். உணர்வு குறைந்திருக்கிறது என்று வந்தால் தொடர்ந்து ஏழு நாள் நடக்கும் திட்டத்தில் அவரைச் சேர்க்காதீர்கள் என்பதே என் கருத்து. நான் மேலே சொன்ன "சூடாகத் தெரிந்தால் நில்லுங்கள்" என்ற காவல் அவர் காலில் வேலை செய்யாது. பந்தலில் ஒருவர் ஷூவைக் கழற்றினார். காலுறையோடு சேர்ந்து உள்ளே ஒரு நெருஞ்சி முள், காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறார், வலிக்கவே இல்லை என்றார்.

உணர்வு நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் சில ஒழுங்குகள் வேண்டும். ஷூ அகலமாக, உள்ளே தையல் உறுத்தாமல் இருக்கட்டும். இரண்டு மாதம் முன்பே வாங்கி அதிலேயே தினமும் நடக்கட்டும். போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள் அவர் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, கண்ணால் பாருங்கள். வெள்ளைக் காலுறை நல்லது, கசிந்தால் கறை தெரியும். கொப்புளம் வந்தால் குத்தக் கூடாது, அன்றோடு நடையை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். கோயில்களில் மதிய நேரத்துக் கருங்கல் பிராகாரம் மரத்த காலைச் சுட்டுப் பொசுக்கிவிடும், தெரியவே தெரியாது. தரிசனத்தைக் காலையிலோ இருட்டிய பிறகோ வையுங்கள்.

சர்க்கரை இறங்குவது இன்னொரு ஆபத்து. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் பல மணி நேரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும், சில சமயம் அன்று இரவு தூக்கத்தில் இறங்கும். வியர்வை, நடுக்கம், எரிச்சலான பேச்சு என்று வரும் அறிகுறிகளை நடையில் வெயில் களைப்பு என்று நினைத்துவிடுவோம். குளுக்கோமீட்டர் பையின் மேல் அறையில் இருக்கட்டும். குறைந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நடக்கும் நாட்களில் மருந்தளவை எவ்வளவு குறைப்பது, தொடையில் ஊசி போடுபவர் இடத்தை மாற்ற வேண்டுமா என்பது முழுக்க அவருடைய டாக்டரின் முடிவு. உப்பு மோர் விஷயத்தையும் அவரிடம் கேளுங்கள், ரத்த அழுத்தம் இருந்தால் அளவு மாறும்.

ரயில் பாதை தெற்கே ஓடுகிறது என்று சொன்னேனே, அதை இப்படிப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு நாள் கல்லணை–திருக்காட்டுப்பள்ளி, திருக்காட்டுப்பள்ளி–திருவையாறு. இங்கே ரயில் இல்லை, பேருந்துதான். அப்பா காலையில் உங்களோடு 6 கிலோமீட்டர் நடந்துவிட்டு, சாலை ஏறி, பேருந்தில் அடுத்த ஊருக்குப் போய் அறையை எடுத்துவிடட்டும். மூன்றாம் நாள் திருவையாற்றிலிருந்து பாபநாசம் பக்கம், நாலாம் நாள் கும்பகோணம். பாபநாசத்திலிருந்து சுவாமிமலை, கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வரை வரிசையாக நிலையம் இருக்கிறது. எந்த இடத்தில் அவர் போதும் என்றாலும் ஆட்டோ பிடித்து நிலையத்துக்குப் போய்விடலாம். பாசஞ்சர் நேரத்தை மட்டும் முன்னாளே பார்த்து வையுங்கள். ஐந்தாம் நாள் நீளம், கும்பகோணத்திலிருந்து குத்தாலம். அன்று இரவு உங்கள் வீட்டிலேயே படுக்கை. ஆறாம் நாள் காலை எழுந்ததும் அவர் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வரையான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை அவர் முழுவதுமாக உங்களோடு நடக்கலாம், நடுவில் இரண்டு பெரிய ஓய்வோடு. கடைசி நாள் 25 கிலோமீட்டர், நிழல் குறைவு, ஆறும் வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடும். அதை நீங்கள் விடியும் முன் தனியாகத் தொடங்குங்கள். அவர் மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் பூம்புகார் பக்கம் வந்து, கடைசி மூன்று நாலு கிலோமீட்டருக்கு உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும்.